மந்திரித்துக் கொடுங்கள், சாமி

ஞாயிறு இரண்டாம் பூசையின் கடைசிப் பாட்டு அடங்குவதற்குள், சாமியார் பூசை உடுப்பு மாற்றும் அறையின் வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். ஒருவர் கையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத செபமாலை. இன்னொருவரிடம் சட்டம் போட்ட திரு இருதய ஆண்டவர் படம். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப்போகும் பையன் ஹால் டிக்கெட்டையும் இரண்டு பேனாக்களையும் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஒரு தண்ணீர் பாட்டில், ஓர் உப்புப் பொட்டலம், படிக்குக் கீழே பூச்சரம் சுற்றிய புது பைக். பங்குத்தந்தை சிறு புத்தகத்தைத் திறந்து ஒரு செபம் சொல்கிறார். வலக்கையால் சிலுவை வரைகிறார். கோவில் காரியங்களில் உதவும் உபதேசியார் நீட்டும் செம்பில் தெளிப்பானை முக்கி இடமும் வலமுமாக ஒரு வீச்சு. வேலை முடிந்தது. எல்லோரும் கலைகிறார்கள், ஒரு பாட்டி மட்டும் நகரவில்லை. "சாமி, என் மாலையில் ஒரு சொட்டுகூடப் படவில்லை" என்கிறார்.

எங்கள் பங்கில் இதைப் பல முறை பார்த்திருக்கிறேன். பாட்டிகள் மாறுவார்கள், கேள்வி மாறாது. சாமியார்களின் பதில் இரண்டு வகை. சிலர், "செபம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் பாட்டி, சொட்டு படாவிட்டாலும் ஒன்றும் குறையாது" என்று விளக்குவார்கள். சிலர் ஒன்றும் பேசாமல் அந்த மாலைமேல் மட்டும் இன்னொரு முறை தெளித்துவிட்டுச் சிரிப்பார்கள். முதலாமவர் சொல்வதுதான் இறையியல்படி சரி. ஆனாலும் இரண்டாமவர் செய்வதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஏன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் சுற்றி வரவேண்டும்.

முதலில் அந்தச் சொல். அறிவிப்புப் பலகையில் "வாகனங்கள் புனிதப்படுத்தப்படும்" என்று எழுதியிருக்கும். அழைப்பிதழில் "அர்ச்சிப்பு" என்று இருக்கும். மறையுரையில் "ஆசீர்" என்று வரும். ஆனால் வாய் திறந்து கேட்கும்போது பழைய ஆட்கள் "மந்திரித்துக் கொடுங்கள்" என்றுதான் கேட்பார்கள். மந்திரித்த தீர்த்தம், மந்திரித்த செபமாலை, வீடு மந்திரிப்பு. தர்காவில் கயிறு மந்திரிக்கிறவருக்கும், வேப்பிலையால் பார்வை இறக்குகிறவருக்கும் ஊர் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. படித்த கிறிஸ்தவர்களுக்கு இதில் ஒரு கூச்சம் உண்டு. மந்திரம், மாந்திரீகம் என்று வாடை அடிப்பதால் சொல்லை மெல்ல ஓரங்கட்டினார்கள்.

நிதானமாகப் பார்த்தால் சொல்லில் அவ்வளவு குற்றம் இல்லை. மந்திரிப்பது என்றால் ஒன்றின்மேல் சொற்களைச் சொல்வது. இலத்தீனில் ஆசிக்குரிய வினைச்சொல்லும் "நல்லதைச் சொல்" என்றே பொருள்படும். ஆசீர்வாதத்தில் இருக்கும் "வாதம்" என்பதும் சொல்லுதல்தான். எல்லா வழியும் பேச்சில்தான் போய் முடிகிறது. வேறுபாடு அந்தப் பேச்சு யாரை நோக்கிப் போகிறது என்பதில் இருக்கிறது. மந்திரவாதியின் சொல்லுக்குத் தனக்கென்று ஓர் ஆற்றல் உண்டு என்பது நம்பிக்கை. எழுத்துப் பிசகினால் பலிக்காது, தெரிந்தவன் சொன்னால் கட்டாயம் பலிக்கும். திருச்சபை சொல்வது வேறு. குருவின் வாயிலிருந்து வருவது வேண்டுகோள். கேட்கப்படுபவர் கடவுள். கொடுப்பதும் கொடுக்காததும் அவர் விருப்பம்.

இன்னொன்றும் உண்டு. விவிலியத்தில் கடவுள் மனிதருக்கு ஆசி அளிப்பதையும், மனிதர் கடவுளைப் போற்றுவதையும் எபிரேயம் ஒரே வினைச்சொல்லால் சொல்கிறது. யூத வீட்டுப் பந்தியில் அப்பத்தை எடுத்து ஆசி கூறும்போது, அப்பத்தைத் தந்த ஆண்டவரே போற்றப்படுகிறார். இயேசு அப்பத்தை எடுத்து ஆசி கூறினார் என்று நற்செய்தியில் வாசிக்கும்போது இந்தப் பின்னணி காதில் விழவேண்டும். மேலிருந்து கீழே வருவது மட்டுமே ஆசி என்று நாம் பழகிவிட்டோம். கீழிருந்து மேலே போகும் நன்றியும் அதில் பாதி.

திருச்சபையின் கணக்கில் அருட்சாதனங்கள் ஏழு. திருமுழுக்கு, நற்கருணை என்று போகும் அந்த ஏழும் கிறிஸ்து ஏற்படுத்தியவை என்றும், செய்கிற குரு எப்படிப்பட்டவராக இருந்தாலும் அவற்றின் பலன் நிற்காது என்றும் போதனை. ஆசிகள் அந்த ஏழில் சேராது. அவற்றுக்கு அடுத்த வரிசையில், அவற்றைப் பார்த்து ஓரளவு அதே சாயலில் திருச்சபை அமைத்துக்கொண்ட அடையாளங்கள் இவை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1166ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது: பலன் திருச்சபையின் பரிந்துரை வேண்டலால் கிடைக்கிறது. இரண்டையும் இணைக்கும் கண்ணி தீர்த்தம். கோவில் வாசல் தொட்டியில் விரலை நனைத்துச் சிலுவை போடும்போது, கைக்குழந்தையாக இருந்தபோது தலையில் ஊற்றப்பட்ட தண்ணீரைத் தொட்டு நினைத்துக்கொள்கிறோம். ஈஸ்டருக்கு முந்தைய பாஸ்கா இரவில் பெரிய மெழுகுதிரியை இறக்கி மந்திரிக்கும் தண்ணீரைக் குடம், பாட்டில் என்று கொண்டுவந்து வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். செபமாலைமேலும் பைக்மேலும் தெளிக்கிற தண்ணீர் திருமுழுக்கைத்தான் நினைவூட்டுகிறது. பழைய முறையில் முதலில் உப்பை மந்திரித்து அதைத் தண்ணீரில் கலப்பார்கள். வழக்கம் உள்ள இடங்களில் அப்படிச் செய்ய இன்றைய பூசைப் புத்தகமும் இடம் தருகிறது.

ஆசிகளிலும் இரண்டு வகை இருப்பது பலருக்குத் தெரியாது. ஒருவகை, பொருளை அதன் பழைய பயன்பாட்டிலிருந்து எடுத்து நிரந்தரமாக வழிபாட்டுக்கு ஒதுக்கிவிடுகிறது. பூசைக் கிண்ணம், பீடம், கோவில், கல்லறைத் தோட்டம் இந்த வகை. அந்தக் கிண்ணத்தில் பிறகு யாரும் காப்பி குடிக்கக் கூடாது. தனியாருக்குச் சொந்தமானதாக இருந்தாலும் ஒதுக்கப்பட்ட பொருளை மதிப்போடு வைத்திருக்க வேண்டும் என்று 1171ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. புதுக் கோவிலை நேர்ந்தளிப்பது ஆயரின் வேலை. பீடத்தின்மேல் கிறிஸ்மா என்ற நறுமணத் தைலத்தை ஊற்றி அவர் உள்ளங்கையால் தேய்ப்பதை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த வாசனை மறக்காது. சுவர்களிலும் தைலத்தால் சிலுவை இடுகிறார்கள். அந்தத் தைலத்தையே புனித வாரத்தில் மறைமாவட்டக் குருக்கள் கூடியிருக்க ஆயர்தான் அர்ச்சிக்க வேண்டும்.

மற்ற வகையில் பொருள் பொருளாகவே இருக்கிறது. மந்திரித்த பைக் மறுநாள் மீன் மார்க்கெட்டுக்குப் போகலாம், பழையதானால் விற்கலாம். மந்திரித்த பைக் மதுக்கடை வாசலில் நிற்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கும் மனைவிமார் எங்கள் பங்கில் உண்டு. வீடு, கிணறு, வயல், படகு, கடை, சாப்பாடு, மருந்து எல்லாம் இந்தப் பக்கம். இங்கே செபம் வேண்டுவது பைக் ஓட்டுகிறவனுக்காக. அவன் பத்திரமாகப் போய்வர, பிறர்மேல் ஏற்றிவிடாதிருக்க, கடவுள் துணையிருக்கக் கேட்பது. ஆட்களுக்கும் இதே பிரிவு பொருந்தும். துறவற மடத்துத் தலைவருக்குத் தரும் ஆசி ஒரு பொறுப்புக்கு ஒதுக்குவது. நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் பயணம் புறப்படுகிறவருக்கும் தரும் ஆசி துணை வேண்டுவது.

இந்தப் பட்டியல் எப்படி வளர்ந்தது என்பது தனிக் கதை. 3ஆம் நூற்றாண்டை ஒட்டி உரோமில் எழுந்ததாகப் பொதுவாகக் கருதப்படும் "திருத்தூதர் மரபு" என்ற பழைய ஏட்டில், எந்த விளைச்சலுக்கு ஆசி கேட்கலாம் என்று ஒரு பகுதி வருகிறது. திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம் எல்லாம் கொண்டுவரலாம். பூசணி, வெள்ளரி, வெங்காயம், பூண்டு கூடாது. பூக்களில் ரோஜாவும் லில்லியும் சரி, மற்றவை வேண்டாம். ஏன் வெங்காயத்துக்கு இந்த ஓரவஞ்சனை என்று ஏடு சொல்லவில்லை.

பிறகு இடைக்காலத்தில் அந்த வேலி உடைந்தது. விதை, கால்நடை, பாலாடைக்கட்டி என்று கையில் இருந்ததையெல்லாம் கொண்டுவந்தார்கள். திருத்தந்தை ஐந்தாம் பவுல் 1614இல் வெளியிட்ட உரோமைச் சடங்கு நூல் எல்லாவற்றையும் ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவர முயன்றது. ஆனால் பின்னிணைப்புகள் பெருத்துக்கொண்டே போயின. பீருக்கு ஒரு செபம், பட்டுப்புழுவுக்கு ஒன்று. 19ஆம் நூற்றாண்டு வந்ததும் இரயிலுக்கும் தந்திக்கும் தனித்தனியே செபம் எழுதினார்கள். நில அதிர்வைப் பதியும் கருவிக்குக்கூட ஒன்று உண்டு. சிரிப்பு வரலாம். எனக்கோ அந்த இலத்தீன் பட்டியல்மேல் ஒரு பிரியம். எந்தக் காலத்தில் மக்கள் எதைக் கண்டு மலைத்தார்கள், எது கெட்டுவிடும் என்று பயந்தார்கள் என்பதற்கு அதைவிட நேர்மையான பதிவு கிடைக்காது. பட்டுப்புழு வளர்க்கிறவனுக்குப் புழு செத்தால் வருமானம் போயிற்று. பாவம், அவன் இறையியல் பேசவா கோவிலுக்கு வந்தான்?

உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு இந்தக் காட்டைத் திருத்தச் சொன்னது. குறிப்பிட்டவர்கள் மட்டுமே கொடுக்கலாம் என்று ஒதுக்கிய ஆசிகளைக் குறைக்க வேண்டும், சிலவற்றைப் பொதுநிலையினரும் நடத்த வழி செய்ய வேண்டும், மக்களுக்குப் புரிந்து பங்கெடுக்கும்படி அமைக்க வேண்டும். அதன்படி 1984 மே மாதம் புதிய ஆசிகள் நூல் வந்தது. இப்போது ஒவ்வோர் ஆசிக்கும் விவிலிய வாசகம், மன்றாட்டு, பிறகு செபம் என்ற அமைப்பு. ஆளே இல்லாமல் பொருளுக்கு மட்டும் ஆசி என்ற பேச்சுக்கு அதில் பெரிதாக இடமில்லை. பல செபங்கள் "இதை ஆசீர்வதியும்" என்று பொருளை நோக்காமல், கடவுளுக்கு நன்றி சொல்லி, இதைப் பயன்படுத்துகிறவர்களுக்காக வேண்டுகின்றன.

கொள்கை அளவில் இது நல்ல திருத்தம். ஆனால் நடைமுறையில் ஓர் இழப்பும் இருந்தது. கையை நீட்டிப் பேசியே செபம் முடிந்துவிட்டால், பாட்டியின் கண்ணுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. சில செபங்களில் சிலுவை வரையும் குறிப்புகூட அச்சில் இல்லை. முணுமுணுப்பு உரோமை வரை போயிருக்க வேண்டும். வத்திக்கானின் திருவழிபாட்டுப் பேராயம் 2002இல் ஓர் ஆணை வெளியிட்டு, நூலில் குறிப்பு இல்லாத இடத்திலும் ஆசி தருகிற குரு வலக்கையால் சிலுவை அடையாளம் வரையவேண்டும் என்று தெளிவுபடுத்தியது. சொல்லே போதும் என்று மேலே இருப்பவர்கள் நினைத்தாலும், உடம்போடு வாழ்கிற மனிதனுக்குக் கையசைவும் தண்ணீரும் வேண்டியிருக்கிறது. பாட்டியின் மாலைமேல் இரண்டாம் முறை தெளித்த சாமியார் அந்த ஆணையைப் படித்திருக்கிறாரோ இல்லையோ, அதன் உட்கிடை அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கதைக்கு ஒரு கூர்மையான அத்தியாயம் உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி, பிராமணர்கள் கிறிஸ்தவர்களானாலும் பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டார். பெரிய சண்டை மூண்டது. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி தீர்ப்பு வழங்கினார்: வைத்துக்கொள்ளலாம். ஆனால் பூணூலைக் கோவில்களிலோ பட்டர்களிடமோ வாங்கக் கூடாது. கத்தோலிக்கக் குரு தீர்த்தம் தெளித்து, ஆயர் ஒப்புக்கொண்ட செபத்தைச் சொல்லி மந்திரித்துத் தர, அவர் கையிலிருந்து பெறவேண்டும். பொருளை மாற்றவில்லை, பொருள் வருகிற கையை மாற்றினார்கள். ஒரு பருத்தி நூல் எந்த மதத்தைச் சேர்ந்தது என்பதைத் தீர்மானிக்க ஆசி ஒரு கருவியாகப் பயன்பட்டது.

அந்த இணக்கம் நிலைக்கவில்லை. 1703இல் புதுச்சேரியில் வந்திறங்கிய திருத்தந்தையின் தூதர் தெ தூர்னோன் மறு ஆண்டு கடுமையான ஆணை ஒன்றைப் பிறப்பித்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. வேண்டுமானால் சிலுவையோ, ஆண்டவர் அல்லது மாதா உருவமோ உள்ள தாலியைக் கட்டலாம். நெற்றியில் திருநீறு பூசக் கூடாது, தவக்காலத் தொடக்கத்தில் திருச்சபை மந்திரித்துத் தரும் சாம்பல் மட்டும் விதிவிலக்கு. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் இதை உறுதி செய்தார். இங்கு வரும் மறைப்பணியாளர்கள் இந்த விதிகளுக்குக் கட்டுப்படுவதாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சத்தியம் 1940இல்தான் நீங்கியது.

தடைகளின் சரித்திரமாக இதைப் படிக்கிறவர்கள் உண்டு. நான் தாலியைப் பார்க்கிறேன். தடுக்க வந்தவராலும் தாலியையே ஒழித்துவிட முடியவில்லை. இன்று எந்தக் கத்தோலிக்கத் திருமணத்திலும் மோதிரத்துக்குப் பக்கத்தில் தாலி வந்து அமர்ந்திருக்கிறது. வார்த்தைப்பாடு முடிந்ததும் தட்டு பீடத்துக்கு அருகே வருகிறது. மஞ்சள் கயிற்றிலோ பொன் சங்கிலியிலோ கோத்த தாலியில் சிலுவையோ புறாவோ இருக்கும். சாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்கும் அந்த அரை நிமிடத்தில், அதுவரை வீடியோக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக் கைகூப்புகிறார். சட்டப்படி பார்த்தால் திருமணத்தை ஆக்குவது இருவரின் சம்மதம். தாலி இல்லாமலும் அது செல்லும். அந்த அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பொங்கலிலும் இதே பின்னல் தெரியும். பழைய நாள்காட்டியில் ஜனவரி 15 வனத்துச் சின்னப்பர் திருநாள். ஜனவரி 17 வனத்து அந்தோணியார் திருநாள். இருவரும் எகிப்தின் பாலைவனத்துத் துறவிகள். அந்தோணியார் கால்நடைகளின் காவலர் என்று ஐரோப்பாவிலும் பெயர் பெற்றவர். இந்த இரண்டு நாள்களுக்கு நடுவில் மாட்டுப் பொங்கல் வந்து விழுந்தால் என்ன ஆகும்? ஆகவேண்டியதே ஆயிற்று. கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்தில் மாலை கட்டி, மாடுகளைக் கோவில் முற்றத்துக்கு ஓட்டி வருகிறார்கள். சாமியார் வரிசையாகத் தீர்த்தம் தெளிக்கிறார், மிரளும் காளைகள்மேல் சற்றுத் தள்ளி நின்றே. பிறகு அங்கேயே பொங்கல் பொங்குகிறது. திண்டுக்கல், திருச்சிப் பக்கத்துச் சில ஊர்களில் அந்தோணியார் திருவிழாவும் ஜல்லிக்கட்டும் பிரிக்க முடியாதவை.

கடற்கரையில் மாட்டின் இடத்தில் படகு. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றி, பழுது பார்த்து, வர்ணம் அடித்து வைத்திருப்பார்கள். தடை நீங்கும் முன் படகு மந்திரிப்பு. வாடைக்காற்றையும் டீசல் விலையையும் அறிந்த மனிதன், தன்னால் ஆனதையெல்லாம் செய்து முடித்துவிட்டு, மீதியை ஒப்படைக்கிற நேரம் அது. ஓட்டையை அடைக்காமல் படகை மந்திரிக்கச் சொல்லி யாரும் வருவதில்லை. மூடநம்பிக்கையிலிருந்து ஆசியைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த எளிய அளவுகோல் இதுதான். பேனாவை மந்திரிக்கக் கொண்டுவந்த பையன் பாடத்தையும் படித்திருந்தால் சரி.

கடற்கரை என்றதும் பிப்ரவரி 3 நினைவுக்கு வருகிறது. முந்தைய நாள் மந்திரித்த இரண்டு மெழுகுதிரிகளைக் குறுக்காகக் கட்டி ஒவ்வொருவர் தொண்டையிலும் வைத்துச் செபிப்பார்கள். ஆர்மேனியாவில் ஆயராக இருந்த புனித பிளேஸ், தொண்டையில் மீன்முள் சிக்கிய சிறுவனைக் காப்பாற்றியதாக மரபு. தினமும் மீன் தின்கிற ஊர்களுக்கு இந்தப் புனிதரை விளக்கவே வேண்டியதில்லை.

யார் ஆசி தரலாம்? ஆயருக்கும் குருவுக்கும் திருத்தொண்டருக்கும் படிப்படியாக எல்லைகள் உண்டு. திருச்சபையின் பொது வாழ்வுக்கு எவ்வளவு நெருக்கமானதோ அவ்வளவுக்கு அது திருப்பணியாளருக்கு ஒதுக்கப்பட்டது. மறைக்கல்வி நூலின் 1669ஆம் பத்தி அதோடு நிற்காமல், திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் ஆசியாக இருக்கவும் ஆசி வழங்கவும் அழைக்கப்பட்டவர் என்கிறது. ஆசிகள் நூல் சைகையில் மட்டும் வேறுபாடு வைக்கிறது. குரு கைகளை விரிப்பார், பொதுநிலையினர் கைகளைக் குவித்தே செபிப்பார். நம் வீடுகளுக்கு இது புதிதல்ல. கல்யாணத்துக்குக் கோவிலுக்குப் புறப்படும் முன் மகள் காலில் விழ, அப்பா அவள் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைவார். என் அறிவுக்கு எட்டியவரை, அந்த ஒரு கணத்தில் அழாத அப்பாக்கள் குறைவு. முன்பெல்லாம் தெருவில் சாமியாரைக் கண்டால் "ஸ்தோத்திரம் சாமி" என்று கைகூப்புவோம். அவரும் நடந்துகொண்டே பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போவார். புத்தகமும் இல்லை, தீர்த்தமும் இல்லை, ஐந்து நொடி.

இந்தப் புத்தகமில்லாத ஆசிதான் அண்மையில் உலகச் செய்தியானது. 2023 டிசம்பர் 18 அன்று வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை, திருவழிபாட்டுச் சடங்காக நடக்கும் ஆசியையும், வழியில் வந்து கேட்கிறவருக்குக் குரு அந்த நேரத்தில் தருகிற எளிய ஆசியையும் பிரித்துப் பேசியது. ஒரே பாலினத்து இணையர் கேட்டால் இரண்டாவது வகையில் தரலாம், அது திருமணத்தைப் போலத் தோன்றக் கூடாது என்றது. ஆப்பிரிக்க ஆயர்கள் பலர் ஏற்க மறுத்தார்கள். அந்த வழக்கைத் தீர்ப்பது இந்தக் கட்டுரையின் வேலையல்ல. ஆசி என்பது நடத்தைச் சான்றிதழா, உதவி கேட்கிறவனின் குரலுக்குப் பதிலா என்ற கேள்வி அதில் ஒளிந்திருந்தது. கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கும், தனித் தடை இல்லாதவரை ஆசி தரலாம் என்று 1170ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. வேளாங்கண்ணியில் வரிசையில் நிற்கிறவர்களை யாரும் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்பதில்லை.

வழுக்குகிற இடங்களும் இல்லாமல் இல்லை. திருத்தல வாசல்களில் "மந்திரித்தது" என்று சொல்லியே மாலையும் எண்ணெயும் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆசிக்கு விலை வைப்பது திருச்சபையில் பழைய பாவம். செபமாலையை விற்றால் அதோடு இணைந்த ஞானப் பலன் நீங்கிவிடும் என்று 1917ஆம் ஆண்டுச் சட்டமே எழுதி வைத்திருந்தது. அதனால்தான் வாங்கிய பிறகு மந்திரிக்கக் கொண்டுவாருங்கள் என்கிறார்கள். பேய் ஓட்டுவது வேறு விஷயம். அதற்கு ஆயரின் தனி அனுமதி பெற்ற குரு வேண்டும். ஒரு பாட்டில் தீர்த்தத்தை வைத்துக்கொண்டு யாரும் இறங்கக் கூடாது. எந்தக் குருவும் மந்திரிக்காமலே புனிதமாகக் கருதப்படும் பொருள்களும் உண்டு. ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று மறைப்பணியாளர் அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ) தலை வெட்டப்பட்ட இடத்துச் செம்மண்ணை இன்றும் மடித்து எடுத்துப் போகிறார்கள். அங்கே பேசுவது செபமல்ல, சிந்திய இரத்தத்தின் நினைவு.

மந்திரித்த பொருள் பழசானால் என்ன செய்வது? குப்பையில் போடக் கூடாது. எரிக்கலாம், அல்லது மண்ணில் புதைக்கலாம். தீர்த்தம் மிஞ்சினால் செடிக்கு ஊற்றலாம், சாக்கடையில் விடக் கூடாது. அறுந்த செபமாலைகளை முருங்கை மரத்தடியில் புதைத்து வைத்த வீடு எனக்குத் தெரியும்.

இந்த ஒழுங்கு முழுமையாகத் தெரிவது குருத்தோலையில்தான். குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலையைச் சிலுவையாகப் பின்னி, வீட்டுப் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்கள். ஓராண்டில் அது பழுத்து, தூசி படிந்து, தொட்டால் ஒடியும் பருவத்துக்கு வந்துவிடும். நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலத்தைத் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய ஞாயிறு கோவில் வாசலில் ஓர் அட்டைப்பெட்டி வைத்து எல்லாவற்றையும் திரும்ப வாங்குகிறார்கள். சென்ற ஆண்டு அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். மாலையில் சொட்டுப் படவில்லை என்று கேட்ட அதே பாட்டி வந்தார். ஓலைச் சிலுவையைப் பெட்டியில் போடுமுன் ஒரு கையை மட்டும் ஒடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். எதற்கு என்று கேட்டேன். "இடி இடித்தால் கொளுத்த" என்றார்.

செவ்வாய்க்கிழமை மாலை உபதேசியார் பழைய இரும்புச் சட்டியில் ஓலைகளைக் கொளுத்தினார். பெட்டி நிறைய இருந்தது இரண்டு கைப்பிடிக் கரியாகச் சுருங்கியது. அதை நுணுக்கி, வெள்ளைத் துணியில் சலித்து, ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தார். மறுநாள் காலைப் பூசையில் சாமியார் அதன்மேல் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். பாட்டி முந்தானை முடிச்சோடு வரிசையில் ஐந்தாவதாக நின்றிருந்தார்.